ஏடும் நாவும்: சிங்கைத் தமிழர் வரலாற்றைக் காக்கும் இரு வழிகள்

ஓர் இனத்தின் வரலாறு பகைவரால் அழிவதினும் பராமுகத்தால் அழிவதே மிகுதி. சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் உள்ள ஒரு கல் இதற்குச் சான்று பகரும். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் எழுத்துகள் பொறித்த பெரும் பாறை ஒன்று பன்னெடுங்காலமாக நின்றிருந்தது. 1843ஆம் ஆண்டில் கட்டுமானப் பணியின் பொருட்டு அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். அதில் எழுதியிருந்தது யாது என்பதை எவரும் படித்தறியும் முன்னரே அது சிதறிப் போயிற்று. எஞ்சிய துண்டுகளுள் ஒன்றே இன்று அரும்பொருளகத்தில் இருக்கிறது. அத்துண்டிலுள்ள சில எழுத்துகளைக் ‘கேசரிவ’ எனப் படிக்கலாம் என்றும், அது சோழ மன்னரின் பட்டப்பெயராகிய பரகேசரிவர்மன் என்பதன் பகுதியாகலாம் என்றும் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இயன் சின்கிளேர் 2019ஆம் ஆண்டில் கருத்துரைத்தார். அது முடிந்த முடிபன்று. முழுக்கல்லும் இருந்திருந்தால் ஐயத்திற்கே இடமிருந்திராது.

கல்லில் வெட்டியதற்கே இந்நிலை என்றால், தாளில் எழுதியதற்கும் நெஞ்சில் நிறுத்தியதற்கும் என்ன காப்பு உண்டு? இவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சி சிங்கப்பூரில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. ஆவணங்களைத் திரட்டிப் பேணுதல் ஒரு வழி. முதியோரை அணுகி அவர்தம் வாய்மொழியைப் பதிவு செய்தல் மற்றொரு வழி. இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றற்கொன்று துணையாகின்றன என்பதும், அவற்றில் தமிழறிந்தோர்க்கு உரிய பங்கு யாது என்பதும் தமிழாசிரியர்கள் சிந்திக்கத் தக்கவை.

ஆள்வோர் எழுதிய ஏடுகள்

சிங்கப்பூர்த் தமிழரைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் தொடக்கம் முதலே உள்ளன. ராபிள்ஸ் இரண்டாம் முறையாக 1819 மே மாதத்தில் இத்தீவுக்கு வந்தபோது, அவருடன் ‘இந்தியானா’ என்னும் கப்பலில் பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை. சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள மாரியம்மன் கோயில் 1827இல் அவரால் தொடங்கப்பெற்றது. 1824ஆம் ஆண்டு சனவரியில் எடுத்த குடிமதிப்பில் தீவின் மக்கள் தொகை 10,683 என்றும், அவருள் இந்தியர் 756 பேர் என்றும் குறிக்கப்பட்டுள்ளது. அடுத்த ஆண்டில் இந்தியச் சிறைவாசிகள் பெங்கூலனிலிருந்து கொண்டுவரப்பட்டனர். சாலைகளையும் கால்வாய்களையும் மட்டுமின்றி, 1862இல் நேர்ந்தளிக்கப்பெற்ற புனித ஆண்ட்ரூ பேராலயத்தையும் எழுப்பியவை அவர்களுடைய கைகளே.

இச்செய்திகளுக்கெல்லாம் மூலம் ஆங்கில ஆட்சியினரின் பதிவுகள். நீரிணைக் குடியேற்றங்களின் நிருவாகக் கடிதங்கள், இலண்டனில் காக்கப்பெறும் குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் 273ஆம் வரிசைக் கோப்புகள், குடிமதிப்பு அறிக்கைகள், சிறைக் குறிப்புகள், கட்டட வரைபடங்கள் ஆகியன அவற்றுள் தலையாயவை. இவற்றின் அருமையை எவரும் மறுத்தற்கில்லை. ஆயினும் இவ்வேடுகளை எழுதியவர் யார், எதன் பொருட்டு எழுதினர் என்பதை மறந்து படித்தல் ஆகாது. ஆட்சியினர்க்கு வேண்டியது கணக்கு. எத்தனை தொழிலாளர், எத்தனை கைதிகள், எவ்வளவு கூலி, எவ்வளவு வரி என்பனவே அவர்கள் நாடிய செய்திகள். கடல் கடந்து வந்தவன் எவ்வூரை விட்டு வந்தான், ஏன் வந்தான், வந்தபின் யாரை நினைந்து ஏங்கினான் என்பவை கணக்கேட்டின் கட்டங்களுக்குள் அடங்குவன அல்ல.

பெயர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தமிழ் அறியாத எழுத்தர் தம் செவிக்கு எட்டியவாறு பெயரை எழுதினார். ஒரே முத்துசாமி ஓர் ஏட்டில் ஒரு வகையாகவும் மற்றோர் ஏட்டில் வேறு வகையாகவும் காட்சி தருவார். தந்தை பெயரே குடும்பப் பெயராக ஏறிவிடும். பிறந்த ஊர் குறிக்கப்பட வேண்டிய இடத்தில், கப்பலேறிய துறைமுகத்தின் பெயரோ மாகாணத்தின் பெயரோ நிற்கும். தஞ்சையின் ஒரு சிற்றூரிலிருந்து வந்தவரும் இராமநாதபுரத்திலிருந்து வந்தவரும் ஏட்டில் ஒரே ‘மதராஸ்’காரர் ஆவர். தம் பாட்டனாரைத் தேடும் பேரன் ஏட்டைப் புரட்டியும் அவரைக் காணாமல் திரும்புவதற்கு இதுவே காரணம். பாட்டனார் ஏட்டில் இருக்கிறார். அவர் பெயர்தான் அவருடையதாக இல்லை.

தமிழர் தாமே எழுதியவை

ஆள்வோர் ஏடுகளின் குறையைத் தமிழரே எழுதி அச்சிட்டவை ஓரளவு நிறைவு செய்கின்றன. 1872இல் சிங்கப்பூரில் அச்சான ‘முனாஜாத்துத் திரட்டு’ இங்கு வெளிவந்து இன்று கிடைக்கும் தமிழ் நூல்களுள் மிகப் பழையது. அதனை இயற்றியவர் நாகூர் முகம்மது அப்துல் காதிர்ப் புலவர். 1887இல் யாழ்ப்பாணத்து வண்ணை நகர்ச் சதாசிவ பண்டிதரின் ‘சிங்கை நகர் அந்தாதி’ வெளிவந்தது. அதே ஆண்டு சூன் 27ஆம் நாள், விக்டோரியா அரசியின் பொன்விழாவை ஒட்டி, சி. கு. மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். அவ்விதழ் 1890 வரை நடைபெற்றது.

சிங்கை நேசனை இன்று படிக்க முடிகிறது. அதற்கு முன், 1875இல் தோன்றிய ‘சிங்கை வர்த்தமானி’யோ பெயரளவில் மட்டுமே நிற்கிறது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் ஒரு சட்டம். நீரிணைக் குடியேற்றங்களில் அச்சாகும் நூல்களைப் பதிவு செய்து, படிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்னும் விதி 1886இல் வந்தது. அவ்வாறு ஒப்படைத்தவற்றுள் ஒரு படி இலண்டனுக்குச் சென்றது. பதினோர் ஆண்டுகள் முந்திப் பிறந்த இதழுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. சிங்கப்பூர்த் தமிழர்க்குள் எவரும் பேணி வைக்காத இதழை அயல்நாட்டு நூலகம் ஒன்று பேணிற்று என்பது பெருமைப்படத்தக்க செய்தியன்று. இந்நாளில் சிங்கப்பூரில் வெளிவரும் நூல் ஒவ்வொன்றிலும் இரண்டு படிகளைத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. இவ்விதியைச் சுமையாகக் கருதும் பதிப்பாளர் சிங்கை வர்த்தமானியை நினைத்துப் பார்த்தல் நன்று.

பேணிய ஏடும் படிப்பார் இன்றேல் பயன் தராது. சிங்கை நேசனின் பக்கங்களை நுணுகி ஆராய்ந்து, சிங்கப்பூர்த் தமிழிலக்கியத்தின் தொடக்கத்தை முன்னே கொண்டு சென்றவருள் குறிப்பிடத்தக்கவர் நா. கோவிந்தசாமி. அவ்விதழில் 1888இல் வெளிவந்த ‘விநோத சம்பாஷணை’யை இந்நாட்டுத் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடியாக ஆய்வாளர் எண்ணுவர். அவர் ஆசிரியத் தொழிலில் இருந்தவர் என்பது இங்குக் கருதத்தக்கது. 1935 சூலை 6ஆம் நாள் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ இன்றும் நாளேடாக வருகிறது. அதன் பழைய பக்கங்கள் பல இப்பொழுது நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பில் படிக்கக் கிடைக்கின்றன. திருமண அறிவிப்பு, கோயில் விழா, சங்கத் தேர்தல், நாடக விளம்பரம், காணாமற்போனவரைத் தேடும் குறிப்பு என அவ்வேட்டின் சிறு செய்திகளே வரலாற்றாசிரியர்க்குப் பெருஞ்செல்வம்.

அச்சேறாத எழுத்துகளும் உண்டு. மார்க்கெட் தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் நூறாண்டுக்கு மேல் நடைபெற்றன. நீண்ட கூடத்தில் ஒவ்வொரு தொழிற்கும் ஒரு பெட்டியடி. அதன் முன் மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் அமர்ந்து பேரேடும் குறிப்பேடும் எழுதினர். ஆங்கில வங்கி அணுகாத சிறு வணிகர்க்குக் கடன் கொடுத்த வரலாறு முழுவதும் அக்கணக்குகளில் இருந்தது. பழைய தமிழ் எண்களையும் பின்ன இலக்கங்களையும் நகரத்தார் கணக்கு மரபையும் அறியாதார்க்கு அவ்வேடுகள் வெறுங் கிறுக்கல். கிட்டங்கிகள் இடிபட்டு அவ்விடத்தில் வானளாவிய கட்டடங்கள் எழுந்தன. அந்நாளில் எஞ்சிய பேரேடுகளைப் படிக்க வேண்டுமாயின், அவற்றை எழுதியவர் எவ்வாறு எழுதினார் என்பதை அறிந்தோர் வாய்மொழி வேண்டும். ஏடு நாவைத் துணைக்கு அழைக்கும் இடம் இது.

வாய்மொழி வரலாறு என்பது யாது?

வாய்மொழி வரலாறு என்றவுடன் கர்ணபரம்பரைக் கதைகளை நினைப்பவர் பலர். இரண்டும் வெவ்வேறு. தலைமுறை தலைமுறையாகச் செவிவழி வரும் செய்தி கர்ணபரம்பரை. ஒருவர் தாமே கண்டதையும் செய்ததையும் பட்டதையும், ஆயத்தத்தோடு வினவும் ஒருவரிடம் கூற, அதனை ஒலிப்பதிவாக்கிப் பேணுவது வாய்மொழி வரலாறு. அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்ஸ் 1948இல் இதற்கென ஓர் அலுவலகம் அமைத்தபின் இம்முறை கல்வித்துறையில் வேரூன்றியது.

சிங்கப்பூரில் 1968இல் தேசிய ஆவணக் காப்பகம் நிறுவப்பெற்றது. 1979இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தோன்றியது. இன்று அது வாய்மொழி வரலாற்று நிலையம் என்னும் பெயரில் தேசிய நூலக வாரியத்தின்கீழ் இயங்குகிறது. ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட நேர்காணல்கள் அதன்வசம் உள்ளன. ஆங்கிலம், மாண்டரின், சீனக் கிளைமொழிகள், மலாய், தமிழ் எனப் பல மொழிகளில் அவை அமைந்தவை. பலவற்றை இணையத்தின்வழி வீட்டிலிருந்தே கேட்கலாம்.

இந்நிலையம் தொடக்க ஆண்டுகளில் மேற்கொண்ட பணிகளுள் ஒன்று, 1981இல் தொடங்கிய சப்பானிய ஆட்சிக்காலத் திட்டம். அதன் தேவை வெளிப்படை. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் வீழ்ந்த சிங்கப்பூர் 1945 செப்டம்பர் வரை ‘சியோனான்’ என்னும் பெயருடன் சப்பானியர் ஆட்சியில் இருந்தது. தோல்வி உறுதியானபோது ஆவணங்கள் மிகுதியாக எரிக்கப்பட்டன. மூன்றரை ஆண்டு வாழ்க்கையைப் பிழைத்திருந்தோர் நினைவிலன்றி வேறெங்கும் தேடல் அரிதாயிற்று. வாழைமரக் காசு மதிப்பிழந்த கதை, அரிசியின்றி மரவள்ளிக்கிழங்கால் பசியாறிய கதை, கேத்தே கட்டடத்தில் 1943 சூலை 4ஆம் நாள் சுபாஷ் சந்திர போஸ் இந்திய விடுதலைச் சங்கத்தின் தலைமையை ஏற்ற நாளின் எழுச்சி ஆகியவற்றை மக்கள் வாய்மொழியே உயிரோடு காட்டுகிறது. இந்திய தேசிய இராணுவத்தின் வீரர்க்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தைப் பிரித்தானியர் 1945இல் திரும்பி வந்ததும் இடித்தனர். அவ்விடத்தில் வரலாற்றுக் குறிப்புப் பலகை வைக்கப்பெற்றது 1995இல்தான். இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகள் அச்சின்னம் நின்றது நினைவில் மட்டுமே.

இதனினும் கொடியது சயாம் இரயில் பாதையின் வரலாறு. 1942 முதல் 1943 வரை 415 கிலோமீட்டர் நீளப் பாதையைப் போடச் சப்பானியர் போர்க் கைதிகளையும் ஆசியத் தொழிலாளரையும் கொண்டு சென்றனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் அவருள் மிகப் பலர். மாண்ட போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. பிழைத்தவர் நாட்குறிப்பும் நூலும் எழுதினர். தமிழ்த் தொழிலாளர்க்கோ பெயர் பொறித்த கல்லும் இல்லை, நாட்குறிப்பு எழுதும் எழுத்தறிவும் பெரும்பாலோர்க்கு வாய்க்கவில்லை. மீண்டு வந்தோர் சொல்லியதைக் கேட்டெழுதியவர் இருந்த அளவுக்கே அவர்கள் வரலாறு இன்று உண்டு. கேளாதுவிட்ட பகுதி அவர்களோடு மறைந்தது.

நேர்காணலின் முறை

நல்ல நேர்காணல் தற்செயலாக அமைவதன்று. முதற்பணி ஆயத்தம். பேச இருப்பவரின் தொழில், ஊர், காலம் ஆகியவற்றைப் பற்றி எழுத்தில் உள்ளவற்றை வினவுவோர் முன்னரே படித்திருத்தல் வேண்டும். துறைமுகத் தொழிலாளியிடம் சென்று துறைமுகம் எங்கே இருந்தது என்று கேட்பவர் அவர் காலத்தையும் வீணாக்கித் தம் மதிப்பையும் இழப்பர். அடுத்தது ஒலிப்பதிவுக்கு முன் ஒருமுறை சென்று அளவளாவுதல். கருவியைக் கண்டு நாவடங்குவோர் பலர். நம்பிக்கை பிறந்த பின்னரே நினைவு திறக்கும்.

வினாக்கள் விரிந்த விடைக்கு இடந்தருவனவாக இருத்தல் வேண்டும். “கப்பற் பயணம் துன்பமாக இருந்ததா?” என்று கேட்டால் “ஆமாம்” என்ற ஒரு சொல்லே கிடைக்கும். “நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நாளைச் சொல்லுங்கள் ஐயா” என்று கேட்டால், ‘ரஜுலா’ கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்த இடம், உடன் வந்தவர், கட்டுச்சோறு, செயின்ட் ஜான் தீவில் தொற்றுத் தடைக்காக நிறுத்தி வைத்த நாட்கள், முதன்முதல் ஈட்டிய கூலி என ஒன்றன்பின் ஒன்றாக வரும். பேசுவோர் அமைதியாகிவிட்டால் இடைமறிக்காது காத்திருத்தல் வினவுவோரின் கடமை. சிறந்த செய்தி பெரும்பாலும் அவ்வமைதிக்குப் பின்னரே வருகிறது.

பதிவு முடிந்தபின், அதனை எவர் எந்நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்பதைப் பேசியவர் எழுத்தால் இசைவளிக்கிறார். குறித்த காலம் வரை வெளியிடலாகாது என்று விதிக்கவும் அவருக்கு உரிமை உண்டு. குடும்பப் பூசல், சாதி, கடன், பிறர் மானம் ஆகியவை பேச்சில் கலப்பது இயல்பாதலால் இவ்வொழுங்கு இன்றியமையாதது. பிறகு பேச்சு எழுத்தாக்கப்படுகிறது. ஈண்டுத் தமிழறிவு சோதனைக்குள்ளாகிறது. பேசியவரின் வட்டார வழக்கைச் செந்தமிழாகத் திருத்தி எழுதுவது நூலுக்கு அழகு தரலாம். வரலாற்றுக்கு அது கேடு. ‘கம்பம்’ என்றவர் வாயில் ‘சிற்றூர்’ என்று வைத்தல் சான்றைத் திருத்துதலாகும்.

நினைவு பிழைபடாதோ?

வாய்மொழி வரலாற்றுக்கு எதிராகக் கூறும் தடை ஒன்று உண்டு. முதியோர் நினைவு தடுமாறும், ஆண்டு மாறும், தம்மைப் பெரிதாக்கிப் பேசுதலும் கூடும் என்பர். இத்தடை உண்மையே. ஆயின் ஏடும் பொய் சொல்லும், எழுதியவரின் நோக்கத்திற்கேற்பச் செய்தியை மறைக்கும் என்பதும் உண்மை. எச்சான்றையும் பிறிதொரு சான்றோடு ஒப்புநோக்குவதே வரலாற்றாசிரியர் மரபு. முதியோர் ஆண்டெண்ணைச் சொல்ல இடர்ப்பட்டால், “சப்பான்காரன் வருமுன்னா, பின்னா?” என்று கேட்டால் உடனே தெளிவு பிறக்கும். அவ்விடையைக் கட்டட வரைபடத்தோடும் நாளேட்டோடும் வைத்துப் பார்த்தால் ஆண்டு கிட்டிவிடும்.

பிழையும் சில வேளைகளில் பயன் தரும். இத்தாலி நாட்டில் டெர்னி என்னும் எஃகுத்தொழில் நகரில் லூயிஜி டிராஸ்டுல்லி என்னும் இளந்தொழிலாளி 1949இல் ஓர் ஆர்ப்பாட்டத்தின்போது காவலரால் கொல்லப்பட்டார். பல்லாண்டுகள் கழித்து அந்நகரத்தாரை வினவிய அறிஞர் அலெசாந்திரோ போர்ட்டெல்லி, அவருள் பலர் அக்கொலை 1953இல், ஆலையிலிருந்து பெருந்திரளானோர் நீக்கப்பட்ட போராட்டத்தில் நிகழ்ந்ததாகக் கூறக் கேட்டார். ஆண்டு பிழை. ஆனால் தம் வாழ்வைத் தகர்த்த வேலையிழப்போடு அம்மரணத்தைச் சேர்த்தே அம்மக்கள் நினைத்தனர் என்பது அப்பிழையால் வெளிப்பட்டது. நிகழ்ந்தது இன்னதென ஏடு கூறுகிறது. நிகழ்ந்தது மக்கள் உள்ளத்தில் இன்னதாக நின்றது என நா கூறுகிறது.

சிராங்கூன் சாலை தரும் பாடம்

இன்று ‘லிட்டில் இந்தியா’ என அழைக்கப்படும் வட்டாரம் 1989இல் மரபுடைமைப் பகுதியாக அறிவிக்கப்பெற்றது. அப்பெயர் அண்மைக் காலத்தது. அங்கு வாழ்ந்தோர் சிராங்கூன் சாலை என்றனர், தேக்கா என்றனர். இன்னும் பழையவர் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றனர். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தமையால் வந்த பெயர் அது. வீரமாகாளியம்மன் கோயிலும் முன்னாளில் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் எனவே வழங்கிற்று. மலாய்ச் சொல்லாகிய ‘கம்போங்’ தமிழர் நாவில் ‘கம்பம்’ ஆனதும், மூங்கிலைக் குறித்த சீன வழக்கினின்று பிறந்த ‘தேக்கா’ தமிழ்ப் பெயர்போல் நிலைத்ததும் பல இனத்தார் கூடி வாழ்ந்த வரலாற்றின் சுருக்கமே. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்னும் பெயர்கள் எருமைகளும் மாட்டுத் தொழுவங்களும் நிறைந்திருந்த காலத்தைச் சொல்கின்றன.

இப்பெயர்களுள் எத்தனை அரசின் நிலப்படத்தில் ஏறின? பஃபலோ சாலை ஏறிற்று. சுண்ணாம்புக் கம்பம் ஏறவில்லை. வழங்கியோர் நாவே அதற்குப் பதிவேடாக இருந்தது. 1915இல் கட்டிய பழைய தேக்காச் சந்தை 1982இல் சாலையின் எதிர்ப்புறம் இடம் மாறியது. அதே ஆண்டில், ஷாரன் சித்திக், நிர்மலா புருஷோத்தம் என்னும் ஆய்வாளர் இருவர் இவ்வட்டாரத்தைப் பற்றி எழுதிய நூலைத் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம் வெளியிட்டது. ஓரிடம் உருமாறும் வேளையே அதனைப் பதிவு செய்தற்கு இறுதி வாய்ப்பு என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

தமிழர் வரலாறு சிராங்கூன் சாலையோடு முடிவதன்று. தஞ்சோங் பகாரில் கடையநல்லூர், தென்காசி மக்கள் வாழ்ந்தனர். அங்கு 1946இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் நிறுவிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி, இந்நாட்டில் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகளுள் இறுதியாக நின்று 1982இல் மூடப்பட்டது. செம்பவாங் கடற்படைத் தளத்தைச் சூழ வாழ்ந்தோரின் குடியிருப்புகள் இன்று இல்லை. பிடாடரி இடுகாட்டின் கல்லறைகள் 2001 முதல் 2006 வரை அகற்றப்பட்டன. நிலம் குறுகிய நாட்டில் இம்மாற்றங்கள் தவிர்த்தற்கரியன. இடம் போனபின் எஞ்சுவது அங்கு வாழ்ந்தோர் நினைவு. அவர்களும் போனபின் எஞ்சுவது பதிவு ஒன்றே.

பெண்டிர் நினைவு இதில் தனியே கருதத்தக்கது. சங்கம், கோயில், தொழிற்சங்கம் ஆகியவற்றின் ஏடுகளில் ஆடவர் பெயர்களே மிகுதி. ஓரறை வீட்டில் பத்துப் பேர்க்குச் சமைத்தவரும், பங்கீட்டு அரிசியைக் கொண்டு மாதத்தைக் கடத்தியவரும், அண்டை வீட்டு மலாய்ப் பெண்ணிடம் சம்பல் அரைக்கக் கற்றவரும் அவ்வேடுகளில் இல்லை. “எனக்கு என்ன தெரியும், அவரைக் கேளுங்கள்” என்று ஒதுங்கும் பாட்டியாரிடமே ஒரு சமூகத்தின் வீட்டு வரலாறு முழுவதும் இருக்கிறது.

கேட்கும் செவி

சொல்வோர் இருந்து கேட்போர் இல்லையெனில் பதிவு பயன்படாது. சிங்கப்பூர் இந்தியருள் வீட்டில் மிகுதியும் தமிழ் பேசுவோர் 2010ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் நூற்றுக்கு 36.7ஆக இருந்தனர். 2020இல் அது 27.9ஆகக் குறைந்தது. பாட்டனாரின் குரல் காப்பகத்தில் பழுதின்றி இருக்க, அதனைக் கேட்டுப் பொருள் கொள்ளும் பேரர் குறைந்து வருகின்றனர் என்பதே இவ்வெண்களின் பொருள். ஒலிநாடா கெட்டால் படியெடுத்துக் கொள்ளலாம். மொழி கெட்டால் படியெடுக்க இயலாது.

ஊக்கம் தரும் முயற்சிகளும் உள்ளன. 2013இல் அமைந்த தமிழ் மின்மரபுடைமைக் குழு, 1965 முதல் ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களுள் ஏறத்தாழ 350ஐ மின்வடிவாக்கி 2015இல் நாட்டின் பொன்விழாப் பரிசாக அளித்தது. நூலக வாரியத்தோடு தன்னார்வலர் பலர் கூடி மெய்ப்புப் பார்த்தமையாலேயே அஃது இயன்றது. அதே ஆண்டில் கேம்பல் சந்தில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பெற்றது. தமிழுலகின் பிற இடங்களும் வழிகாட்டுகின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஒருவராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டு விளம்பரங்களும் அவர் மறைவுக்குப் பின் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அத்துயர் தந்த படிப்பினையோடு 2005இல் ஈழத்தார் ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்தைத் தொடங்கினர். ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது காக்கப்பட்டது ஆகாது என்பதே அப்படிப்பினை.

தமிழாசிரியர் செய்யத்தக்கவை

இப்பணியில் தமிழாசிரியர்க்கு உள்ள வாய்ப்பு வேறெவர்க்கும் இல்லை. ஆண்டுதோறும் புதிய மாணவர் அவர்முன் வருகின்றனர். ஒவ்வொரு மாணவர் வீட்டிலும், அல்லது உறவிலும், ஒரு முதியவர் இருக்கிறார். விடுமுறைக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடுவதற்கு மாறாக, தாத்தா பாட்டியரிடம் பத்து வினாக்கள் கேட்டு வரச் சொல்லலாம். பிறந்த ஊர், வந்த கப்பல், முதல் வேலை, குடியிருந்த கம்பம், படித்த பள்ளி, சப்பானியர் காலத்தைப் பற்றித் தம் பெற்றோர் கூறியவை ஆகியன போதும். கைப்பேசியிலேயே ஒலிப்பதிவு உண்டாதலின் தனிக் கருவி வேண்டுவதில்லை. பதிவின் தொடக்கத்தில் பேசுபவர் பெயர், நாள், இடம் ஆகியவற்றைச் சொல்லச் செய்தல் வேண்டும். இன்றேல் இருபது ஆண்டுகள் கழித்து அது யாருடைய குரல் என்பதே தெரியாது போகும். அவர் இசைவைப் பெறுதலும், படிகளை இரண்டு மூன்று இடங்களில் வைத்தலும் மறக்கத்தக்கன அல்ல.

வீட்டிலுள்ள ஏடுகளையும் அவ்வாறே பேணலாம். பழைய கடவுச்சீட்டு, அடையாள அட்டை, திருமண அழைப்பிதழ், சங்கத்தின் ஆண்டு மலர், நாடகத் துண்டு விளம்பரம், ஊரிலிருந்து வந்த கடிதம் ஆகியன குப்பையல்ல. இந்நாட்டு ஈரக்காற்றும் பூச்சியும் தாளுக்குப் பகை. துருவேறும் ஊசிகளை நீக்கி, ஒட்டுநாடா இடாது, உலர்ந்த இடத்தில் வைத்தலே பாதிக் காப்பு. நிழற்படத்தின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதி வைத்தல் மறுபாதி. படத்தில் இருப்போர் யாரென அறிந்த கடைசி மனிதர் மறைந்துவிட்டால் அப்படம் யாரோ சிலரின் படமாகிவிடும்.

எழுதப் படிக்கத் தெரிந்த மாணவர் ஒருவர், எழுதாது வாழ்ந்த ஒரு முதியவரின் முன் அமர்ந்து, அவர் சொல்வதை அவர் சொன்னவாறே தமிழில் எழுதுவாராயின் அங்கு ஏடும் நாவும் ஒன்றாகின்றன. மாணவர்க்கு மொழிப்பயிற்சி கிட்டுகிறது. முதியவர்க்குத் தம் வாழ்வு கேட்கத்தக்கது என்னும் மனநிறைவு கிட்டுகிறது. சமூகத்திற்கு ஒரு சான்று கிட்டுகிறது. எண்பது வயதைக் கடந்தோர் இன்னும் எத்தனை பள்ளி விடுமுறைகள் காத்திருப்பர் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆதலின் இப்பணியை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தல் ஆகாது. வரும் விடுமுறையிலேயே தொடங்குதல் நன்று.